கிப்லாப் பக்கம் நூறு கவடு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட்டுப் போகக்கூடாது. அன்றைக்கு நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. நல்ல நிதானத்தோடுதான் செய்தேன்.

நாங்கள் போனது காணி பார்க்க. கரடிப்புட்டி என்று இடத்துக்குப் பெயர். மறிச்சுக்கட்டிக்குத் தெற்கே, காட்டை ஒட்டிக் கிடக்கிற செம்மண் மேடு. அதை மலை என்று சொன்னால் கண்டிக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள், உயரம் ஐம்பது அடி வந்தால் அதிகம். ஆனால் என் கணவர் முனவ்வர் மன்னார்த் தீவில் பிறந்தவர். கடற்கரை மணலைத் தவிர வேறு தரையை அறியாத மனிதர். பாதி ஏற்றத்திலேயே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இதுக்கு மேலயா வீடு கட்டப் போற? தினமும் அரிசி மூட்டையோட ஆர் ஏறுற?"

"நான் ஏறுவன். நீங்க கீழ ஓட்டோவுக்குள்ளயே படுங்கோ," என்றேன்.

தொண்ணூறாம் ஆண்டு வரை அந்த மேட்டில் பதினொரு வீடுகள் இருந்தன. ஒன்று எங்களுடையது. அந்த வருஷம் ஒக்டோபரில் துவக்கோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னார்கள், வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. புத்தளத்தில் முதலில் முகாம், பிறகு ஓலைக் கொட்டில், பிறகு வாடகை வீடு, வாடகை வீடு, வாடகை வீடு. இப்போது இருக்கிற வீட்டையும் மகனுக்குக் கலியாணம் என்று சொல்லி தை மாதத்துக்குள் விடச் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுக்காரி நல்ல மனுஷிதான். நான்தான் அவளோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். முப்பத்துநாலு வருஷமாக நான் மற்றவர்களுடைய நிலத்தில் கூட்டிப் பெருக்கி, மற்றவர்களுடைய முற்றத்தில் முருங்கை நட்டு, அது காய்க்கிற நேரத்தில் எழும்பிப் போயிருக்கிறேன். எனக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும். "எழும்பு" என்று ஒருத்தரும் சொல்ல முடியாத துண்டு. இரண்டு அறை வீடு, நாலு ஆடு, பத்துத் தென்னை. இதைவிட வேறு ஆசை எனக்கு இல்லை.

கரடிப்புட்டியைக் காடு மூடிவிட்டது. மேட்டின் தெற்குச் சரிவில் வெள்ளைக் கல் நட்டு, கல்லுக்கு அங்கால் காடு, இங்கால் ஊர்க்காணி என்று பிரித்திருக்கிறார்கள். இங்கால் உள்ள காணிகளை முன்பு குடியிருந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு குழு வந்து பார்க்கிறது. பழைய பதிவேடுகள் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் மண்ணில் அடையாளம் காட்ட வேண்டும். அத்திவாரமோ, மையித்து அடக்கின கபுறோ, கிணறோ ஏதாவது ஒன்று. எங்கள் வீடு களிமண்ணும் ஓலையும், அது கரைந்து எத்தனையோ மாரி போய்விட்டது. எங்களுக்கு மிச்சம் இருக்கக்கூடியது கிணறு மட்டும்தான்.

அந்தக் கிணற்றைத்தான் வாப்பா மூடிவிட்டார்.

வெளிக்கிட்ட அன்று பின்னேரம் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். கரடிப்புட்டிக் கிணறுகளுக்கு மேற்கட்டு கிடையாது. தரைமட்டம்வரை கல் அடுக்கு, அவ்வளவுதான். வாய்க்கு மேலே பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கினார். குற்றிக்கு மேல் தகரம், தகரத்துக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் சருகு. அவரைப் பார்த்து அடுத்த வீட்டார் செய்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள். பதினொரு கிணறும் அப்படி மூடுண்டன. ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம், அதற்குள் கள்ளர் கண்டுபிடிக்கக்கூடாது என்பதுதான் எல்லாருடைய கவலையும்.

முப்பத்துநாலு வருஷத்தில் கறையான் பனங்குற்றியை என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேலே பச்சைப் புல், கீழே இருபத்தைந்து அடிக்கு ஒன்றுமில்லை. நாங்கள் தேடிப் போனது அதைத்தான். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதன்மேலேயே நடந்து தேட வேண்டும்.

அலியார் நானா அடிவாரத்தில் கத்தியும் அலவாங்கும் கயிறும் கொண்டு நின்றார். அதே மேட்டின் கிழக்குப் பக்கத்து ஆள். பத்தொன்பது வயதில் வெளிக்கிட்டு, சண்டை முடிந்ததும் முதல் ஆளாகத் திரும்பி வந்து, மறிச்சுக்கட்டியில் வயல் செய்கிறவர். ஆளுக்கொரு கம்பை வெட்டிக் கையில் தந்தார்.

"கால் வைக்க முதல் குத்திப் பாருங்கோ. சத்தம் மாறினா நில்லுங்கோ. ஒருத்தர் நடந்த இடத்தில மற்றவர் நடவுங்கோ. போன வருஷம் என்ட நாகு மாடு ஒண்டு அங்கால பக்கத்தில விழுந்திட்டுது. மூண்டு நாள் தேடினம். காகம் சுத்தினதைக் கண்டுதான் போய்ப் பாத்தது."

"உசிரோட இருந்ததா?" என்று முனவ்வர் கேட்டார்.

அலியார் நானா கத்தியை வீசிக்கொண்டு முன்னால் போனார்.

அப்போது மணி ஏழரை. குழு பதினொரு மணிக்கு வரும் என்று கடிதத்தில் இருந்தது. ஒருமுறைதான் வருவார்களாம், காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். கடிதத்தை நான் எட்டாக மடித்துப் பேர்சுக்குள் வைத்திருந்தேன்.

காணி என்று பார்த்தால் நல்ல காணி. அதை ஒளிக்க மாட்டேன். பாலையும் வீரையும் ஓங்கி நின்றன. அடியில் ஈச்சம்பற்றையும் சூரைமுள்ளும். முனவ்வர் இரண்டு நாளாக யூடியூப்பில் பார்த்து ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மண்ணை அள்ளி உள்ளங்கையில் நசித்தார், மணந்தார், போனுக்கு எத்தனை கோடு சிக்னல் வருகிறது என்று பார்த்தார். "மேல்மண் ஒரு முழம் இருக்கு. தென்னை வரும்," என்றார், ஏதோ பரம்பரைக் கமக்காரன் மாதிரி.

"தென்னை வரும். யானையும் வரும்," என்றார் அலியார் நானா. "வீட்டை இந்தச் சரிவில வைக்காதே தங்கச்சி. மாரிக்கு வெள்ளம் நேர அடுப்படிக்குள்ள இறங்கும். மேல தோளில வை. ரெண்டு பாலையை விட்டு மிச்சத்தை வெட்டு. பாலைப்பழக் காலத்தில கரடி தேடி வரும்."

முனவ்வர் சிரித்தார். அலியார் நானா சிரிக்காமல் பக்கத்துப் பாலையின் அடியைக் கம்பால் தொட்டுக் காட்டினார். என் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பட்டை நீள நீளமாகக் கிழிந்திருந்தது. கிழிசலில் பால் இன்னும் ஈரமாக வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு முனவ்வர் என் முந்தானை எட்டுகிற தூரத்திலேயே நடந்தார்.

ஒரு குருவிச் சத்தம் இல்லை. நாங்கள் மூவரும் கம்பால் குத்துகிற சத்தம் மட்டும், டக், டக், டக் என்று. கிணறு அகப்பட வேண்டும் என்று ஒரு மனம், என் காலடியில் அகப்பட்டுவிடக்கூடாது என்று இன்னொரு மனம்.

அதற்கிடையில் உம்மா நாலு தரம் போனில் கோல் எடுத்துவிட்டார். உம்மாவின் பெயர் அஸீபா. புத்தளத்தில் எங்களோடுதான் இருக்கிறார், எழுபத்தியொரு வயது. காது கொஞ்சம் மந்தம், அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்.

"புள்ள, கண்டியா?"

"இன்னும் இல்ல உம்மா. கண்டா நான் சொல்லுவன்தானே. சும்மா சும்மா எடுக்காதீங்கோ."

"வாப்பா சொன்னது ஞாபகமா?"

ஞாபகமாவது. வாப்பா மவுத்தாகும்வரை அந்த ஒரு வசனத்தை ஓதுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய புளியில் முதுகை வைத்து, கிப்லாவை நேரே பார்த்து, காலால் அளந்து நூறு கவடு. தொழுகைக்கு முகம் வைக்கிற திசை எங்கள் ஆட்களுக்கு வடக்கு தெற்கைவிட நன்றாகத் தெரியும். கரடிப்புட்டியில் எல்லாருமே வழி சொல்வது அப்படித்தான். மாடு கிப்லாப் பக்கம் போயிட்டுது, மழை கிப்லாப் பக்கத்தால வருது.

பெரிய புளி நின்ற இடத்தில் நின்றது. அது ஊருக்கே பொதுவான மரம், அடியைச் சுற்றிக் கைகோர்க்க மூன்று பேர் வேண்டும். அதைக் கண்டதும் நான் அழுதுவிட்டேன். முனவ்வர் என்னவோ சொல்ல வாயெடுக்க, "ஒண்டும் சொல்லாதீங்கோ" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் கிப்லா காட்டுகிற அப்பைத் திறந்தேன். ஊசி சுற்றி, ஆடி, பச்சையாகி நின்றது. நான் புளியில் முதுகை வைத்துக் கையை நேராக நீட்டினேன். அலியார் நானா அந்தத் திசையைப் பார்த்து, தலையாட்டி, வெட்டத் தொடங்கினார்.

வாப்பாவும் முனவ்வரும் ஒரே உயரம். அதனால் கவடு வைக்கிற வேலை அவருக்கு. முன்னால் அலியார் நானா வெட்டிக்கொண்டு போக, இவர் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டு ஏற, பின்னால் நான். நேர்கோடு தவறக்கூடாது என்று நான் போனைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஐம்பதில் ஒரு கறையான் புற்று. எழுபதில் பழைய மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றின் அடிப்பாகம், துருவேறி. எண்பதில் பற்றை விட்டு, மேட்டின் தோளில் ஒரு வெளி வந்தது.

அழகான வெளி. சின்ன வீட்டுக்கு அளந்து வைத்த மாதிரிச் சமதரை, முழங்கால் உயரப் புல், ஒரு மரம் இல்லை. மேற்கே மரத்தலைகளுக்கு மேலால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. கடலைக் கண்டதும் தீவுக்காரனுக்குத் தலைகால் தெரியவில்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தார்.

"இதுதான் இடம். குசினி இஞ்சால, முன்வாசல் அங்கால. நான் கதிரையைப் போட்டு—"

தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. முனவ்வர் பாதியாகிவிட்டார். மார்புக்கு மேலே மட்டும் புல்லுக்குள் தெரிந்தது. இரண்டு கையும் விரிந்திருந்ததுதான் அவரைப் பிடித்தது. கைக்குக் கீழே குற்றி ஒன்று மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. முகம் வெள்ளைக் கடதாசி.

"கால் படுதில்ல," என்றார் மெல்ல. "ஸம்ஸியா, கீழ கால் படுதில்ல."

அலியார் நானா என்னை இழுத்துத் தரையில் படுக்க வைத்தார். "நிமிராதே. ஊர்ந்து போ." அவர் கயிற்றை வெளியின் ஓரத்தில் நின்ற பாலை மரத்தில் சுற்றி மறு நுனியை எறிந்தார். நான் வயிற்றால் ஊர்ந்து போய் முனவ்வருடைய கக்கத்துக்குக் கீழால் கயிற்றைக் கொடுத்து முடிச்சுப் போட்டேன். போடும்போது வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தது. கம்பைப் போடச் சொன்னது யார், கதிரை போடுகிறாராம் கதிரை, மாமி உங்களை எப்படித்தான் வளர்த்தாவோ என்று வாய்க்கு வந்தபடி. என் கண்ணீர் அவருடைய தலைமயிரில் விழுந்துகொண்டிருந்தது. கல் ஒன்று உதிர்ந்து கீழே போனது. அது விழுந்த சத்தம் வர எடுத்த நேரத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இழுத்து எடுத்துவிட்டோம். கெண்டைக்காலில் தகரம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். மூவரும் மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் கறுப்பு ஓட்டையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். முதலில் சிரித்தது முனவ்வர்.

"கிணத்தைக் கண்டுபிடிச்சது ஆர்? நானோ, நீயோ?"

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. அலியார் நானா நின்றதால் விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றியிரண்டு கவட்டில் கிணறு. எட்டுக் கவடு குறைந்தால் என்ன, இவர் ஏற்றத்தில் எட்டிக் கால் வைத்திருப்பார் என்று நான் கணக்கை நேராக்கிக்கொண்டேன். அலியார் நானா மிச்சக் குற்றிகளை அலவாங்கால் கிளப்பி வாயைத் திறந்தார். கல் அடுக்கு அப்படியே வட்டமாக இருந்தது. வெளிச்சம் அடித்துப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கீழே மணல் தூர்ந்து, உக்கிய சாக்கும் பாத்திரங்களின் விளிம்பும் தெரிந்தன. கயிற்றில் கம்பிக் கொளுக்கி கட்டி இறக்கினார். மூன்றாம் தரம் ஒன்று மாட்டியது. பித்தளைக் குடம். பச்சைக் களிம்பு படர்ந்து, வயிறு நசிந்து, ஆனால் குடம்.

எங்கள் வீட்டில் இரண்டு பித்தளைக் குடம் இருந்தது என்று உம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு கழுத்தடியை மணலால் தேய்த்தேன். எங்கள் ஊரில் பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கிற பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கொடுப்பதில்லை. பொட்டுப் பொட்டாக உளியால் குத்தியிருப்பார்கள். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு எழுத்தாக வந்தது. முதல் எழுத்து அகரமாக இருந்திருக்க வேண்டும், அஸீபாவின் அகரம்.

முதல் எழுத்து உகரம்.

உம்மு குல்சூம்.

நான் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன், தேய்த்தால் மாறிவிடும் என்கிற மாதிரி.

"என்ன பேர் போட்டிருக்கு?" என்று அலியார் நானா கேட்டார். நான் வாசித்துச் சொன்னேன். அவர் எழுந்து புளியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"போனை வச்சா கிப்லா பிடிச்சாய்?"

"ஓம்."

"எங்கட பழைய பள்ளிவாசல் சூரியன் மறையிற பக்கம் நேரதானே நிண்டது. திரும்பி வந்து புதுசாத் திருத்தின நேரம்தான் கணக்குப் பாத்து, சரியான கிப்லா வடக்குக்குச் சரிவு எண்டு பாயெல்லாம் வளைச்சுப் போட்டது. உன்ட வாப்பா சொன்னது அந்தக் காலத்துக் கிப்லா. நேர மேற்கு." அவர் தலையில் கைவைத்தார். "நானும் யோசிக்கயில்ல தங்கச்சி. பதினாலு வருஷமா வளைஞ்சு நிண்டு தொழுது எனக்கும் இதுதான் கிப்லா."

புளியடியில் முகம் அவ்வளவு சரிந்தால் நூறு கவட்டில் நாற்பது கவடு விலகிவிடும். நாங்கள் வலப்பக்கம் விலகி, எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டுக் கிணற்றுக்கு வந்திருக்கிறோம். நான் இடப்பக்கம் திரும்பிச் சரிவைப் பார்த்தேன். பதினைந்து கவட்டில் பற்றைக்குள் வெள்ளைக் கல் நின்றது. அதற்கும் அங்காலேதான் எங்கள் கிணறு. கல்லுக்கு அங்கால் குழு கால் வைக்காது, அங்கே கிணறு அல்ல, பள்ளிவாசலே இருந்தாலும் காணி இல்லை.

நான் பிறந்த நிலம் காடாகப் போய்விட்டது. என் கணவர் விழுந்து எழும்பின நிலம் இன்னொருத்தியுடையது.

அந்த இன்னொருத்தி யார் என்று சொல்ல வேண்டும். உம்மு குல்சூம் மாமி மவுத்தாகி ஆறு வருஷம். அவரின் ஒரே மகள் நசீறா, புத்தளத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். அவளும் வாடகைதான், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். போன வருஷம் எனக்குப் பித்தப்பை ஒப்பரேசன் செய்தபோது பத்து நாள் என் உம்மாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள். அவளுடைய விண்ணப்பத்துக்குக் குழு அடுத்த செவ்வாய் வருகிறது. முதல்நாள் நாங்கள் வெளிக்கிடும்போது ஓட்டோவுக்குள் தலையை நீட்டிச் சொன்னாள்: "லாத்தா, எங்கட கிணறு உங்கட மேல்பக்கம்தானே. கண்டா ஒரு போட்டோ அடிச்சு அனுப்புங்கோ."

"நசீறாவுக்கு ஒரு கோல் எடு," என்றார் முனவ்வர்.

"பொறுங்கோ."

"என்ன பொறுக்கிற? அவள்ட கிணறு. எடுத்துச் சொல்லு, சந்தோஷப்படுவாள்."

"பொறுங்கோ எண்டு சொன்னன்தானே."

அவர் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக என் கோபத்தைப் பார்த்தவர், எது கோபம் எது கோபம் இல்லை என்று அவருக்குத் தெரியும். "ஸம்ஸியா," என்றார், அவ்வளவுதான். நான் குடத்தை எடுத்துக் கிணற்றுக்குள் திரும்பப் போட்டுவிடுவோம் என்றுதான் எழும்பினேன். போட்டுவிட்டால் பெயர் இல்லை, பெயரில்லாத கிணறு யாருடையதுமாக இருக்கலாம். சத்தியமாக அதற்கு மேல் நான் யோசித்திருக்கவில்லை.

அப்போது கீழே ஜீப் சத்தம் கேட்டது. பத்தரை மணிக்கே வந்துவிட்டார்கள்.

மூன்று பேர். வெள்ளைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு காட்டு அலுவலர், அளவுநாடா பிடிக்கிற ஒருவர், காணி உத்தியோகத்தர் அஞ்சலா மிஸ். அஞ்சலா மிஸ் மன்னார் ஆள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாங்கள் வெட்டின பாதையால் மூச்சு வாங்க ஏறி வந்தார். முனவ்வரின் காலைக் கண்டதும் கோப்புக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, தகரமோ? முதல்ல முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கோ. நாங்கள் கெதியா முடிச்சுத் தாறம்," என்றார். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

கிணற்றை எட்டிப் பார்த்தார். ஆழம் அளந்தார்கள், படம் எடுத்தார்கள். "நல்ல அத்தாட்சி. இப்பிடி ஒண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் காட்டயில்ல," என்றார். பிறகு என் கையில் இருந்த குடத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வெயிலுக்குத் திருப்பி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"உம்மு குல்சூம். இது ஆர்?"

அலியார் நானா தரையைப் பார்த்தார். முனவ்வர் என்னைப் பார்த்தார். எனக்குத் தை மாதம் தெரிந்தது. லொறியில் அலுமாரி ஏறுவது தெரிந்தது, அலுமாரிக்கு மேலே உம்மாவின் பாய் தெரிந்தது. நசீறாவுக்கு வயது இருக்கிறது, எங்கேயாவது அவளுக்கு ஒன்று கிடைக்கும் என்று நினைத்தேன். நினைத்தது பொய் என்று நினைக்கும்போதே தெரிந்தது.

"எங்கட உம்மா," என்றேன்.

"இருக்கிறாவோ? இருந்தா அவட கையெழுத்தும் வேணும்."

"இல்ல மிஸ். மவுத்தாகிட்டா. ஆறு வருஷம்."

அது உண்மைதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உம்மு குல்சூம் மாமி மவுத்தானது உண்மை, ஆறு வருஷம் என்பதும் உண்மை. அஞ்சலா மிஸ் "பாவம், இதைக் காண அவவுக்குக் குடுத்து வைக்கயில்ல," என்று சொல்லிக் கோப்பில் எழுதினார். எழுதி முடித்து அலியார் நானாவைப் பார்த்தார். "நீங்கள் இந்த இடத்து ஆள்தானே. சாட்சி சொல்லுவீங்களோ?"

"கிணறு இந்த இடத்திலதான் இருந்தது," என்றார் அலியார் நானா. "அதுக்கு மட்டும் நான் சாட்சி."

அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டார்கள். அவர் பெருவிரலை மையில் வைத்து அழுத்திவிட்டு, அலவாங்கையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். முனவ்வர் நொண்டிக்கொண்டு போய் அந்தப் பாலை மரத்தின் அடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நான் பேனையை வாங்கக் கை நீட்டின நேரம் போன் அடித்தது. திரையில் உம்மா. வெட்டினேன். உடனே திரும்ப அடித்தது. அந்தக் காட்டில் அது எவ்வளவு சத்தம் என்று சொல்ல முடியாது.

"எடுங்கோ, பரவாயில்ல," என்றார் அஞ்சலா மிஸ். "வீட்டில ஏதும் அவசரமாக்கும்."

எடுத்தேன். ஸ்பீக்கரில் போடாமலே எல்லாருக்கும் கேட்டது.

"புள்ள, கிணத்தைக் கண்டியா?"

அஞ்சலா மிஸ் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஓம் மாமி," என்றேன். "கண்டுட்டம் மாமி."

மறுபக்கத்தில் ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.

"ஆரு கதைக்கிற?" என்றார் உம்மா. "இது ஸம்ஸியாட போன்தானே. என்ட மகள் எங்க? அவளிட்டக் குடுங்கோ."

"பிறகு எடுக்கிறன் மாமி," என்று சொல்லி வைத்துவிட்டேன். அஞ்சலா மிஸ் கடதாசியைக் கோப்பின்மேல் விரித்து, விரலால் இடத்தைக் காட்டினார். தாயின் பெயருக்கு நேரே உம்மு குல்சூம் என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.